மெல்பொமினிக்குக் கண்ணீர் அஞ்சலி

என் மனைவி பேச்சியம்மாளை நான் கடைசியாக உயிரோடு பார்த்தபோது அவள் மைதாப் பசை வாளியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் ஏணியில் ஏறி அவளுடைய கண்ணீர் அஞ்சலி போஸ்டரை ஒட்டிக்கொண்டிருந்தேன். இடது பக்கம் இறங்குகிறது என்று கீழேயிருந்து சொன்னாள். அழுதுகொண்டேதான் சொன்னாள். அப்போதெல்லாம் அவள் எதைச் சொன்னாலும் அழுதுகொண்டேதான் சொல்வாள்.

அந்தச் சுவர் எங்கள் ஊர் ரயில்வே கேட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது. போஸ்டர் ஒட்ட அதைவிட நல்ல சுவர் ஊரில் கிடையாது. கேட் மூடியிருக்கும் நேரத்தில் எல்லோரும் அதைப் படித்துத்தான் ஆக வேண்டும். எங்கள் ஊரில் ஒரு விஷயம் சுவரில் ஒட்டப்பட்டால் அது நடந்துவிட்டது என்று அர்த்தம். போஸ்டர் ஒட்டாமல் சில கல்யாணங்கள் நடந்திருக்கின்றன. அந்த மாப்பிள்ளையும் பெண்ணும் இன்னும் தனித்தனி வீட்டில்தான் இருக்கிறார்கள். ஒருமுறை அச்சில் தவறு நேர்ந்து, காதுகுத்துக் குழந்தையை வட்டச் செயலாளர் என்று போட்டுவிட்டார்கள். அடுத்த தேர்தல் வரை அந்தக் குழந்தை வட்டச் செயலாளராக இருந்தது. எங்கள் தெருவுக்கு விளக்கு வந்தது அப்போதுதான்.

போஸ்டர்களுக்குக் கவிதை எழுதுகிறவர்கள் கிரேக்க தேசத்திலிருந்து வந்த ஒன்பது அக்கா தங்கைகள். அங்கே அவர்கள் கலைகளுக்கும் கல்விக்கும் தெய்வங்களாக இருந்தார்கள். பாட்டுக் கட்டுகிறவன் எவனும் முதலில் அவர்களைக் கூப்பிட்டுவிட்டுத்தான் வாயைத் திறப்பானாம். பிறகு கூப்பிடுகிறவர்கள் குறைந்துவிட்டார்கள். எங்கள் ஊரில் பல் முளைப்பதற்கும் போஸ்டர், பல் விழுவதற்கும் போஸ்டர் என்று கேள்விப்பட்டு வந்து, சந்தைத் தெருவில் ஒரு மெஸ்ஸின் மாடியை வாடகைக்கு எடுத்துக்கொண்டார்கள். மூவாயிரம் வயது இருக்கும் என்றாலும் ஊரில் அவர்களை 'அந்தப் புள்ளைக' என்றுதான் சொல்வோம். கீழே மெஸ்ஸில் சாப்பிடுவார்கள். அமிர்தம் எல்லாம் கேட்பதில்லை. அப்பளம் மட்டும் கூடுதலாகக் கேட்பார்கள்.

ஆளுக்கு ஒரு இலாகா. மூத்தவள் கல்லியோப்பி, காவியத்துக்கு உரியவள். அரசியல்வாதிகளின் பிறந்தநாள் போஸ்டர் அவளுடையது. எராட்டோவுக்குக் காதல் என்பதால் கல்யாணம். தாலியாவுக்கு நகைச்சுவை, மாப்பிள்ளையின் நண்பர்கள் கேலியாக வைக்கும் பேனரை அவள்தான் எழுதுவாள். வானசாஸ்திரத்தைப் பார்த்துக்கொண்டிருந்த யுரேனியாவுக்குக் குருப்பெயர்ச்சி வந்தால் தூங்க நேரம் இருக்காது. மெல்பொமினிக்குத் துன்பியல். அதனால் சாவு. அவளிடம் பெண்களுக்கு அணைந்த விளக்கு, உதிர்ந்த மலர் என்று இரண்டு கவிதைகள் இருந்தன. ஆண்களுக்குச் சாய்ந்த ஆலமரம். பெயரை மட்டும் மாற்றிக் கொடுப்பாள். ஒருத்தி இலாகாவில் இன்னொருத்தி நுழைவதில்லை.

நான் அந்தச் சுவருக்கு எதிரில் போஸ்டர் கடை வைத்திருக்கிறேன். கம்ப்யூட்டரில் டிசைன் செய்வது பேச்சியம்மாளின் தம்பி தங்கமாரி.

பேச்சியம்மாளுக்கு மெல்பொமினியைப் பிடிக்காது. எந்தச் சாவு வீட்டுக்கும் அவள் முதல் ஆளாக வந்து, வீட்டுக்காரர்களைவிடச் சத்தமாக அழுவாள். சொந்தக்காரங்க அழ அவ எடம் விட்டாத்தான, என்பாள் பேச்சியம்மாள். அது போதாதென்று, போஸ்டரின் கீழே 'மீளாத் துயரில் வாடும்' என்று வரிசையாக உறவினர்களின் படங்களைப் போடுவோம் அல்லவா, அந்த வரிசையில் தன் படத்தையும் போடவேண்டும் என்று மெல்பொமினி பிடிவாதமாக இருந்தாள். ஊரில் எவர் செத்தாலும் அவள் படம் மூலையில் இருக்கும்.

ஒரு விடியற்காலையில் பேச்சியம்மாள் நெஞ்சு வலி என்று சொல்லிவிட்டு இறந்துபோனாள். ஐஸ் பெட்டி வந்தது. சாமியானா போட்டார்கள். மெல்பொமினி வந்து, தெரு முனையிலேயே ஆரம்பித்து, அழுதுகொண்டே விளக்குக் கவிதையைக் கொடுத்தாள். தங்கமாரி கடையைத் திறந்து போஸ்டர் செய்ய உட்கார்ந்தார். பழைய போஸ்டர் ஒன்றை எடுத்து அதில் ஆளை மாற்றுவதுதான் அவர் வழக்கம். ஒவ்வொருவரின் படத்தையும் பெயரையும் சேர்த்து ஒரே கட்டமாக வைத்திருப்பார். அக்காவை நினைத்துக் கண் நிறைந்திருந்ததால், மேலே பெரிய கட்டத்தில் மெல்பொமினியையும், கீழே சின்னக் கட்டத்தில் பேச்சியம்மாளையும் வைத்துவிட்டார். சாவு போஸ்டரை யாரும் பிழை பார்ப்பதில்லை. எடுப்பதற்குள் ஒட்டியாக வேண்டும்.

போஸ்டர் ஒட்டிக் கொஞ்ச நேரத்தில் பேச்சியம்மாள் ஐஸ் பெட்டியின் கண்ணாடியைத் தட்டினாள். தங்கமாரி திறந்துவிட்டார். குளிருகிறது என்றாள். பிறகு அழ ஆரம்பித்தாள். ரயில்வே கேட்டிலிருந்து வந்த ஒருவர் மெல்பொமினியிடம் விஷயத்தைச் சொன்னார். அவள் அழுகையை நிறுத்தி, முகத்தைத் துடைத்து, சேலையைச் சரி செய்துகொண்டு, பேச்சியம்மாள் எழுந்துகொண்ட இடத்தில் படுத்துக்கொண்டாள். அவர்கள் குடும்பத்தில் சாவு பழக்கமில்லாத விஷயம். ஆனாலும் ஒழுங்காகச் செய்தாள்.

மாலையோடு வந்திருந்தவர்கள் ஐஸ் பெட்டியின் பின்னாலேயே சந்தைத் தெருவுக்குப் போனார்கள். மெஸ் மாடிப்படி குறுகல் என்பதால் பெட்டியைச் சாய்த்து ஏற்ற வேண்டியிருந்தது. எப்போது எடுப்பது என்று பெரியவர்கள் கேட்டதற்கு, அப்பா வர வேண்டும் என்று சகோதரிகள் சொன்னார்கள். அவர் பெரிய ஆள், இடி மின்னலெல்லாம் அவர் கையில்தான் என்று கேள்வி. சாயங்காலம் கொஞ்சம் தூறல் போட்டது. அவ்வளவுதான். பெட்டி மாடியிலேயே இருந்தது.

பேச்சியம்மாள் வீட்டுக்கு வந்ததும் தங்கமாரி காபி போட்டுக் கொடுத்தார். குடித்துவிட்டு, அழுதுகொண்டே கேட்டாள்.

"ஏல தங்கமாரி, எம் படத்த இம்புட்டுச் சின்னதாவா போடுவ? தபால்தலை கணக்கா?"

"மன்னிச்சுரு அக்கா. அவசரத்துல போட்டது."

"அந்தப் பச்சைச் சேலைப் படம் என்னத்துக்கு இருக்கு? அதப் பெருசா போடணும்னு எத்தன தடவ சொல்லியிருக்கேன்."

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. மறுநாளே கடையை அடைத்துவிட்டு, ஒரு கம்போடு சுவருக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டேன். பால்காரர் சுடலையாண்டியின் செவலை மாடு போஸ்டர் தின்னும். மைதாப் பசை அதற்குப் பிடிக்கும். அந்த மாடு எம்.எல்.ஏ. ஒருவரைத் தின்று ஊரில் இடைத்தேர்தல் வந்திருக்கிறது. மழைக்குப் பிளாஸ்டிக் தாள் கட்டினேன். அந்தப் போஸ்டர் சுவரில் இருக்கும்வரை என் மனைவி இருப்பாள். வேறு எதைப் பற்றியும் நான் யோசிக்கவில்லை.

பேச்சியம்மாள் அழுதாள். மீளாத் துயரில் வாடுகிறவள் என்று சுவரில் இருந்ததால் அவளால் மீள முடியவில்லை. வெங்காயம் நறுக்கும்போதும் அழுதாள், வெண்டைக்காய் நறுக்கும்போதும் அழுதாள். குழம்பில் உப்புப் போடுவதை நிறுத்தினாள். தேவைப்படவில்லை. டிவியில் அவளுக்குப் பிடித்த காமெடிக் காட்சி வந்தால் என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்து, அந்த இடம் வந்ததும் விம்முவாள். எல்லாம் மெல்பொமினிக்காக. தண்ணீர்க் குழாயடியில் அவளோடு சண்டை போட்டிருக்கிறாள். இப்போது அவள் பெயரைச் சொல்லித் தலையில் அடித்துக்கொண்டாள்.

ஊரிலும் நிலைமை சரியில்லை. மெல்பொமினி இல்லாததால் சாவு போஸ்டர்கள் தாலியாவிடம் போயின. மற்றவர்கள் எடுத்துக்கொள்ள மாட்டோம் என்றுவிட்டார்கள். எராட்டோ மட்டும் ஒருமுறை முயன்று, ஒரு பிணத்தைப் பார்த்துவிட்டு வந்து, நல்ல ஜோடிப் பொருத்தம் என்று எழுதிக் கொடுத்தாளாம். தாலியா நல்ல பெண்தான். ஆனால் அவளுக்கு வேறு மாதிரி எழுத வராது. ரிட்டயர்டு தலைமையாசிரியர் போனபோது, 'பல் போயிற்று, சொல் போயிற்று, இன்று ஆளும் போயிற்று. பள்ளிக்கு விடுமுறை' என்று எழுதினாள். தூக்குகிறவர்கள் சிரித்துச் சிரித்துப் பாடையை இருமுறை இறக்கி வைத்தார்கள். மண்டிக்காரர் ஒருவர் போனபோது அவர் மனைவி மாரில் அடித்துக்கொள்ளக் கையை ஓங்கி, போஸ்டர் ஞாபகம் வந்து, வாயைப் பொத்திக்கொண்டார். ஊரில் அழுவதற்கு என் மனைவியை விட்டால் ஆளில்லை. அவளாலும் மெல்பொமினியைத் தவிர வேறு யாருக்காகவும் அழ முடியாது.

ஒரு நாள் கல்லியோப்பி சுவருக்கு வந்தாள். பழக்கத்தில் என்னை, சுவர் காத்த சிங்கமே, என்று கூப்பிட்டாள். பிறகு நாற்காலிக்குப் பக்கத்தில் கல்லில் உட்கார்ந்து சாதாரணமாகப் பேசினாள். தங்கச்சி பெட்டிக்குள் இருப்பதில் அவளுக்கு ஒன்றும் கஷ்டமில்லையாம். ஆனால் மாடியில் நடமாட இடமில்லை. மெஸ்காரர் முகத்தைச் சுளிக்கிறார். திருத்தப் போஸ்டர் ஒன்று போட்டுவிட்டால் எல்லாருக்கும் நல்லது.

"அண்ணாச்சி, எங்க குடும்பத்துல செத்துப் பழக்கமில்ல."

"எங்க குடும்பத்துல திரும்பி வந்து பழக்கமில்ல தாயி."

அவள் போஸ்டரைப் பார்த்தாள். பையன் ஒருத்தன் எனக்கும் இருந்தான், அவன் பெண்டாட்டியும் இப்படித்தான் போனாள், செத்தவர்கள் இருக்கும் இடத்துக்கே போய்க் கூட்டிவந்தான், வழியில் ஒருதரம் திரும்பிப் பார்த்தான், அவளைக் காணவில்லை என்றாள். மாடு வருகிறதா என்று நான் பார்த்துக்கொண்டேன். அவள் எழுந்து போய்விட்டாள்.

அதன் பிறகு நான் தங்கமாரியிடம் ஒரு யோசனை சொன்னேன். 'மீளாத் துயரில் வாடும்' என்பதை மட்டும் மாற்றிவிட்டால் போதும். மெல்பொமினி பெட்டியில் இருக்கட்டும். பேச்சியம்மாள் சின்னக் கட்டத்திலேயே இருக்கட்டும். அழாமல் இருக்கட்டும். தங்கமாரி தலையைச் சொறிந்தார்.

"அத்தான், தெரியாம போட்டது தப்பு. அது நிக்கும். தெரிஞ்சே போட்டா பொய்யாயிருமில்லா. ஒட்டாதே."

ஆனாலும் அடித்துக் கொடுத்தார். பழைய போஸ்டர் மேலேயே வைத்து நல்ல கெட்டிப் பசையாகப் போட்டு அழுத்தினேன். கையை எடுத்ததும் அது மேலிருந்து சுருண்டு என் தலைமேல் விழுந்தது. மூன்று தரம் செய்து பார்த்தேன். கேட்டில் நின்றவர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் பசையில் மயில்துத்தம் போட்டீர்களா என்று கேட்டார். போட்டிருந்தேன்.

வீட்டுக்குப் போனபோது பேச்சியம்மாள் என் தலையிலிருந்த பசையைத் துணியால் துடைத்துவிட்டாள். கண்ணீர் விழுந்துகொண்டே இருந்ததால் துடைப்பது சுலபமாக இருந்தது. அப்போதுதான் சொன்னாள்.

"ஏங்க, எனக்கு அவளப் புடிக்கவே புடிக்காது. உங்களுக்குத் தெரியும்."

"தெரியும்."

"நீங்க அங்க கம்போட உக்காந்து மாடு வெரட்டுறதப் பாத்தேன். அந்த மாடு உங்களுக்குப் பயப்படவே இல்ல. எனக்குச் சிரிப்பாணி பொத்துக்கிட்டு வந்துச்சு. வாயத் தொறந்தா அழுகதான் வருது. உங்களப் பாத்து ஒருதரம் சிரிக்க முடியல. இது என்னத்துக்கு எனக்கு?"

சாப்பாடு போட்டாள். உப்புச் சரியாக இருந்தது.

மறுநாள் தாலியாவை வீட்டுக்கு அழைத்துவந்தேன். திருத்தப் போஸ்டர் என்றாலும் கவிதை வேண்டும். கவிதை இல்லாத சாவு போஸ்டர் எங்கள் ஊரில் செல்லாது. மெல்பொமினி எழுந்தால்தான் எழுதுவாள். போஸ்டர் ஒட்டினால்தான் எழுந்திருப்பாள். அதனால் தாலியாதான். அவள் காலைத் தொங்கப் போட்டுக் கட்டிலில் உட்கார்ந்து முறுக்குத் தின்றபடி பேச்சியம்மாளைப் பற்றி என்னிடம் கேட்டாள். பேச்சியம்மாள் பக்கத்தில் இருக்கும்போது அவளைப் பற்றிப் பேசி எனக்குப் பழக்கமில்லாததால், ரொம்பப் பேசுவாள் என்று மட்டும் சொன்னேன். தாலியா உடனே சொன்னாள்.

"இருந்தவரை நீ பேசினாய், நான் கேட்டேன். இனி நான் பேசினால் யார் குறுக்கே பேசுவார்?"

நன்றாக இருக்கிறது என்றேன். பேச்சியம்மாள் மூக்கைச் சிந்தினாள்.

"இவுக எங்க கேட்டாக? எழுதுறத உண்மையா எழுதுட்டி."

பிறகு அவளே சொல்லச் சொல்லத் தாலியா எழுதிக்கொண்டாள். அவள் சொன்னது இவ்வளவுதான்: இருந்தவரை நான் பேசினேன், இவர் கேட்கவில்லை. இனிக் கேட்பார், நான் பேச மாட்டேன்.

தாலியா அதைத் திரும்பப் படித்துப் பார்த்தாள். முறுக்கைக் கீழே வைத்துவிட்டாள். இதில் நான் செய்ய ஒன்றுமில்லை என்றாள்.

அடுத்து, பச்சைச் சேலைப் படத்தைப் போஸ்டர் முழுக்கப் போட வேண்டும் என்று பேச்சியம்மாள் சொன்னாள். உறவினர் வரிசைக்கு இடமில்லை. புருஷன் படம் மட்டும் வலது ஓரத்தில், மேலே, சின்னதாக. தபால்தலை அளவு போதும். அந்தப் படத்துக்குப் பக்கத்தில் தாலியா வழக்கம்போல 'மீளாத் துயரில் வாடும் கணவர்' என்று எழுதப் போனாள். பேச்சியம்மாள் அவள் கையைப் பிடித்தாள்.

"அது வேண்டாம். நான் பட்ட பாடு போதும்."

"வேற எப்படி எழுத?"

"அப்பப்ப-ன்னு போடு."

தாலியா அதைக் கொஞ்சம் இலக்கணமாக்கி 'அவ்வப்போது துயரில் வாடும் கணவர்' என்று எழுதினாள். தங்கமாரி கண்ணாடி போட்டுக்கொண்டு, ஒவ்வொரு கட்டமாகத் தொட்டுத் தொட்டுப் பார்த்து, டிசைன் செய்தார். எங்கள் ஊரில் பிழை பார்க்கப்பட்ட ஒரே சாவு போஸ்டர் அதுதான். பிழை பார்த்தது இறந்தவர்.

ஒட்டும்போது தானும் வருகிறேன் என்றாள். பசையை அவளே காய்ச்சினாள். ஏணியைத் தங்கமாரி கொண்டுவந்து சாத்திவிட்டு, எதையோ எடுக்கப் போவதுபோலக் கடைக்குள் போய்விட்டார். நான் பழைய போஸ்டர் மேல் பசையை இழுத்து, பச்சைச் சேலையை மேலிருந்து கீழாக ஒட்டிக்கொண்டு வந்தேன். இது சுருளவில்லை. அப்போதுதான் இடது பக்கம் இறங்குகிறது என்று அவள் சொன்னாள். சரிதான் என்று நினைத்து, அந்த முனையைப் பிடித்துத் தூக்கி அழுத்தினேன். அழுத்திவிட்டு, இப்போது சரியா என்று கேட்டுத் திரும்பினேன்.

வாளி தரையில் இருந்தது. தூரிகை அதன் மேல் குறுக்காக வைக்கப்பட்டிருந்தது.

பேச்சியம்மாள் வீட்டில் கட்டிலில் படுத்திருந்தாள். முகம் காய்ந்திருந்தது. சந்தைத் தெருவில் மெல்பொமினி பெட்டிக்குள்ளிருந்து கண்ணாடியைத் தட்டினாள். பெட்டியைச் சாய்த்து இறக்கி எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். அவளும் பின்னாலேயே வந்தாள். வழியில் போஸ்டரைப் படித்தாளாம். இது என் நடை இல்லை என்று சொன்னாளாம். பிறகு தெரு முனையிலேயே ஆரம்பித்துவிட்டாள். அன்று சொந்தக்காரர்கள் யாருக்கும் அழ இடம் கிடைக்கவில்லை. தங்கமாரி கொல்லைப் பக்கம் போய் அழுதுவிட்டு வந்தார். சுடுகாட்டில் எல்லாம் முறையாக முடிந்தது. எரித்த பிறகு சுவரில் என்ன இருந்தாலும், இல்லாவிட்டாலும், எதுவும் மாறாது. இந்த ஒரு விஷயத்தில் எங்கள் ஊரும் மற்ற ஊர்களைப் போலத்தான்.

அதற்குப் பிறகு நான் அவ்வப்போது துயரில் வாடினேன். பெரும்பாலும் ரேஷன் கடை வரிசையில் வரும். வந்தால், பின்னால் நிற்பவரிடம் இடத்தைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, ஓரமாகப் போய் வாடிவிட்டு வருவேன். மற்ற நேரத்தில் நன்றாக இருந்தேன். அவள் பேசியதையெல்லாம் ஒவ்வொன்றாக நினைத்துக் கேட்டேன். சிலவற்றுக்கு இப்போது பதில் சொல்ல முடியும்.

அந்தப் போஸ்டர் கொஞ்ச காலம் இருந்தது. அதற்கு நான் காவல் இருக்கவில்லை. இடது பக்கம் உண்மையில் இறங்கித்தான் இருந்திருக்கிறது. மழையில் அந்த முனை பெயர்ந்து தொங்கியபோது சுடலையாண்டியின் மாட்டுக்கு வாய் எட்டியது. அது பச்சைச் சேலையைத் தின்றது, கவிதையைத் தின்றது, என் படத்தையும் துயரில் வாடும் கணவரையும் தின்றது. அதிலிருந்து துயரம் எனக்கும் மாட்டுக்கும் பொதுவாகிவிட்டது. நான் ரேஷன் கடையில் ஓரமாகப் போகும் நேரத்தில் அதுவும் நடுரோட்டில் நின்றுவிடுகிறது. பஸ்காரர்கள் காத்திருக்கிறார்கள். பால் குறைந்ததாகச் சுடலையாண்டி சொல்லவில்லை.

வலது ஓரத்தில், மாட்டுக்கு எட்டாத உயரத்தில், 'அவ்வப்போது' என்ற ஒரு சொல் மட்டும் சுவரில் மிஞ்சியிருக்கிறது. அதனால் அந்தச் சுவரும் அவ்வப்போதுதான் இருக்கிறது. இருக்கும் நாட்களில் என் சைக்கிளை அதில் சாத்தி வைக்கிறேன். இல்லாத நாட்களில் கடையிலிருந்தே தண்டவாளம் தெரிகிறது.